பங்குனி ஆமையும் இரவுக் கடற்கரையும்

கடலில் வாழும் பிராணிகளுள் ஆமையின் நிலை சற்று விசித்திரமானது. அதன் மூதாதையர் நிலத்தில் வாழ்ந்து, பின்னர் கடலுக்குள் இறங்கியவர்கள். பல கோடி ஆண்டுகளாக நீரிலேயே வாழ்ந்து, கால்கள் துடுப்புகளாக மாறிப்போன பின்னும், இரண்டு பழைய கட்டுகளை அவ்வினம் அறுத்துக்கொள்ளவில்லை. மூச்சு வாங்குவதற்கு அது நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். முட்டையிடுவதற்கு நிலத்துக்கு வந்தாக வேண்டும். முதற் கட்டு ஆண், பெண் இரண்டுக்கும் பொது. இரண்டாவது பெண்ணுக்கு மட்டுமே உரியது. முட்டையிலிருந்து வெளிவந்து கடலில் இறங்கிய ஆண் ஆமை, அதன்பின் தன் வாழ்நாளில் கரையேறுவது மிக அரிது. எனவே கடலாமையைக் குறித்து மனிதன் நெடுங்காலம் அறிந்திருந்தவையெல்லாம், பெண் ஆமை கரையில் செலவிடும் அந்த ஒரு மணி நேரத்தில் கண்டவையே எனலாம்.

உலகில் ஏழு வகைக் கடலாமைகள் உள்ளன. அவற்றுள் ஐந்து வகைகள் இந்தியக் கடல்களில் காணப்படுகின்றன. அவற்றுக்குத் தமிழ் மீனவர் வழங்கும் பெயர்களே போதிய விளக்கமாக அமைந்துள்ளன: பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, முதுகில் நீண்ட வரிகளையுடைய ஏழுவரி ஆமை, பங்குனி ஆமை. இவற்றுள் பெருந்தலை ஆமை நம் நாட்டுக் கரைகளில் முட்டையிடுவதில்லை. ஏழுவரி ஆமை அந்தமான் நிக்கோபார் தீவுகளை நாடுகிறது. பேராமை குஜராத்திலும் இலட்சத்தீவிலும் முட்டையிடுகிறது. நம் நாட்டின் நீண்ட மணற்கரைகளில் மிகுதியாக வருவது பங்குனி ஆமையே. தை பிறந்தது முதல் பங்குனி முடியும் வரை அது கரையேறுவதால் இப்பெயர் பெற்றது போலும். இக்கட்டுரையில் நாம் ஆராய்வதும் அதனையே.

வளர்ந்த பங்குனி ஆமையின் முதுகோடு 60 முதல் 70 சென்டிமீட்டர் நீளமுடையது. எடை 35 முதல் 50 கிலோகிராம் வரை இருக்கும். ஓட்டின் நிறம் பாசி படர்ந்த சாம்பல் நிறம். பிற கடலாமைகளிலிருந்து இதனைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. முதுகோட்டின் நடுவரிசைத் தகடுகளுக்கு இருபுறமும் உள்ள பக்கத் தகடுகளை எண்ண வேண்டும். பேராமைக்கும் அழுங்காமைக்கும் பக்கத்துக்கு நான்கு. பெருந்தலை ஆமைக்குப் பெரும்பாலும் ஐந்து. பங்குனி ஆமைக்கு ஆறோ அதற்கு மேலோ இருக்கும். இரு பக்கங்களிலும் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கரையில் ஒதுங்கிய வெற்று ஓட்டைக்கூட இவ்வாறு எண்ணி இனங்காணலாம்.

இரவு நடை எதற்காக

தனியாக வரும் பங்குனி ஆமை பெரும்பாலும் இரவிலேயே கரையேறுகிறது. பகலில் மணல் சுடும். நீருக்குள் எடையற்றதுபோல் மிதந்த உடலை, வெயிலில் தரைமேல் இழுத்துச் செல்வது அதற்குப் பெருந்துன்பம். பகைப் பிராணிகளின் கண்ணில் படாதிருப்பதற்கும் இருள் துணை செய்கிறது. ஆதலின் ஆமையைக் காண விரும்புவோர் நள்ளிரவில் நடக்க நேர்கிறது.

ஆனால் வேடிக்கை பார்ப்பதற்காக ஏற்பட்டதன்று இந்நடை. சென்னைக் கடற்கரையில் 1970களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய இளம் நண்பர்களும் இரவுதோறும் நடக்கத் தொடங்கியபோது, ஆமை முட்டைகளை மனிதரும் நாய்களும் நரிகளும் தோண்டி எடுத்துச் சென்றுகொண்டிருந்தனர். அவர்களுக்கு முன்னதாகச் சென்று முட்டைகளைக் காப்பாற்றுவதே அந்நடையின் நோக்கம். பின்னர் மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையமும் மாநில வனத்துறையும் பொரிப்பகங்களை அமைத்து இப்பணியைச் செய்தன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்னும் தன்னார்வக் குழு இதனைத் தொடர்ந்து நடத்தி வருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் அளவுள்ள கரையில், பருவகாலத்தில் இக்குழுவினர் இரவு முழுவதும் நடக்கின்றனர். பொதுமக்களும் அவர்களோடு சேர்ந்து செல்ல இடமுண்டு. கடலாமைகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் இடம்பெற்றவை. ஆதலின் வனத்துறையின் அனுமதி பெற்ற குழுவின் துணையின்றி எவரும் முட்டைகளைத் தொடலாகாது.

ஆமைகளுக்காக நடந்தவர்களைப் பற்றிப் பேசும்போது சதீஷ் பாஸ்கர் என்பவரைக் குறிப்பிடாமல் விடலாகாது. 1970களின் பிற்பகுதி முதல் இந்தியக் கடற்கரையின் பெரும்பகுதியையும் தீவுகளையும் கால்நடையாகவே கடந்து, எங்கெங்கு எவ்வகை ஆமை முட்டையிடுகிறது என்று கணக்கெடுத்தவர் அவர். 1982இல் இலட்சத்தீவைச் சேர்ந்த ஆளற்ற சுகேலித் தீவில், பேராமைகளை ஆராய்வதற்காக மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியே தங்கினார். அப்பருவத்தில் அங்குப் படகு செல்லாது. மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார்; அது இலங்கைக் கரையை அடைந்து, ஒரு மீனவரால் அஞ்சலில் சேர்க்கப்பட்டு உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. நம் நாட்டு ஆமைகளின் இருப்பிடங்களைப் பற்றி இன்று நூல்களில் காணும் செய்திகளில் பல, இம்மனிதர் காலால் அளந்து எழுதியவை.

நடைக்குச் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை சில. உடை இருண்ட நிறத்தினதாக இருத்தல் நலம். கைவிளக்கைக் கொளுத்தலாகாது. நட்சத்திர ஒளியில் ஒன்றும் தெரியாதே என அஞ்ச வேண்டியதில்லை. விளக்கொளியை விட்டு விலகிய அரைமணி நேரத்தில் நம் கண்கள் இருளுக்குப் பழகி, அலைநுரையின் வெண்மையும் ஈர மணலின் பளபளப்பும் நன்றாகவே புலப்படும். ஒருவர் ஒரு கணம் கைத்தொலைபேசியின் திரையை ஒளிரவிட்டாலும், சுற்றியுள்ள அனைவரின் கண்களும் மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும். ஒளியைக் கண்ட ஆமையோ கரையேறாமலே திரும்பிவிடும். வழிகாட்டி மட்டும், இன்றியமையாத நேரத்தில், மங்கிய செவ்வொளியைப் பயன்படுத்துவார். ஆமையின் கண்ணுக்கு நீல, பச்சை ஒளிகள் நன்கு தெரிவதுபோல் செவ்வொளி தெரிவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

சுவடு படித்தல்

பல இரவுகளில் ஆமையையே காணாமல் திரும்ப நேரிடும். ஆனால் சுவட்டைக் காணும் வாய்ப்பு மிகுதி. சுவட்டைப் படிக்கத் தெரிந்தவர்க்கு அது ஆமையைக் காண்பதற்கு ஏறத்தாழ ஈடானதே. ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

நடப்போர் அலை நனைக்கும் மணலின் மேல் விளிம்பை ஒட்டியே செல்கின்றனர். கடலிலிருந்து வந்த ஆமை எதுவாயினும் அவ்விளிம்பைக் கடந்தே தீர வேண்டும். காய்ந்த மணலில் ஒரு கருமையான பட்டை குறுக்கே ஓடுவதுபோல் சுவடு தோன்றும். ஆமை கிளறிய ஈரமணல் மேலே வந்திருப்பதால் இக்கருமை. பட்டையின் அகலம் 70 அல்லது 80 சென்டிமீட்டர். அருகில் குனிந்து பார்த்தால், இரு புறங்களிலும் காற்புள்ளியைப் போன்ற வளைந்த குறிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறிமாறி அமைந்திருக்கும். பங்குனி ஆமை நாம் தவழ்வது போல, வலது முன்துடுப்பையும் இடது பின்துடுப்பையும் ஒருசேர வைத்து, பின்னர் மற்ற இரண்டையும் வைத்து நகர்கிறது. பேராமையும் ஏழுவரி ஆமையும் அவ்வாறு செல்வதில்லை; இரு முன்துடுப்புகளையும் ஒரே நேரத்தில் ஊன்றி உந்திச் செல்கின்றன; அவற்றின் சுவட்டில் இரு புறக் குறிகளும் நேருக்கு நேர் அமைந்திருக்கும். ஆக, பிராணியைக் காணாமலே அதன் வகையைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அடுத்த வினா, சுவடு எத்திசையில் செல்கிறது என்பது. துடுப்பு மணலைப் பின்னோக்கித் தள்ளுவதால், ஒவ்வொரு குறியிலும் மணல் குவிந்துள்ள பக்கமே ஆமைக்குப் பின்பக்கம். இவ்வாறு ஏறிய சுவடு, இறங்கிய சுவடு இரண்டையும் வேறு பிரித்து அறியலாம். இரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில், மேலே படிந்திருப்பது இறங்கிய சுவடு. இரண்டின் நீளத்தையும் ஒப்பிட்டால் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். கடல் வற்றிக்கொண்டிருக்கும் வேளையில் ஆமை வந்து சென்றிருந்தால், இறங்கிய சுவடே நீண்டிருக்கும். ஏனெனில் அது திரும்பும்போது நீர்விளிம்பு கீழே போயிருக்கும். கடல் ஏறிக்கொண்டிருந்தால் இரு சுவடுகளின் அடிப்பகுதிகளையும் அலை அழித்திருக்கும். ஏறிய சுவடு மட்டும் இருந்து இறங்கிய சுவடு இல்லையெனில், ஆமை இன்னும் மேலே இருக்கிறது! அப்போது வழிகாட்டி கையை உயர்த்துவார். அனைவரும் இருந்த இடத்திலேயே அமர்ந்துவிட வேண்டும்.

சில சுவடுகள் மேலே ஏறி, வளைந்து, எவ்விடத்திலும் மணல் கிளறப்படாமல் திரும்பியிருக்கும். இதனைப் பொய்யேற்றம் என்பர். மணல் இறுகியிருந்திருக்கலாம், நாய் குரைத்திருக்கலாம், விளக்கு எரிந்திருக்கலாம். அத்தகைய சுவட்டையும் குறிப்பேட்டில் பதிவு செய்கின்றனர். ஒரு கரையில் பொய்யேற்றங்கள் பெருகிவந்தால், அக்கரையில் ஆமையைத் தொந்தரவு செய்யும் ஏதோ ஒன்று பெருகிவருகிறது என்பது பொருள்.

முட்டையிடுதல்

அலை எட்டாத உயரத்துக்கு வந்ததும், ஆமை மேற்பரப்பிலுள்ள உலர்ந்த மணலை விலக்கி உடலைப் பதித்துக்கொள்கிறது. பின்னர் பின்துடுப்புகளால் குழி தோண்டத் தொடங்குகிறது. இத்தொழிலை அருகிலிருந்து கண்டவர் வியவாதிரார். ஒரு பின்துடுப்பு அகப்பையைப் போல் குழிந்து மணலை அள்ளி மேலே கொணர்ந்து பக்கத்தில் வைக்கும். அதே கணத்தில் மற்றத் துடுப்பு தான் முன்பு வைத்த மணலை வீசி அப்பால் எறியும். அடுத்து இதன் முறை. கண்ணால் ஒருமுறையேனும் பாராமல், கழுத்துக் குறுகியும் அடி அகன்றும், குடத்தைப் போன்ற ஒரு குழியை அது தோண்டி முடிக்கிறது. ஆழம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். துடுப்பு எட்டும் அளவே ஆழத்தின் அளவு.

தோண்டி முடிக்கும் வரை ஆமை மிகவும் அச்சமுள்ளதாய் இருக்கும். சிறு அசைவு தெரிந்தாலும் வேலையை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கிய பின்னரோ அது ஒருவித மயக்க நிலையை அடைந்தது போலாகிச் சுற்றிலும் நிகழ்வதைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. பார்வையாளரை அருகே அழைப்பது இந்நேரத்தில்தான். அதுவும் பின்புறமாக மட்டுமே. முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழுகின்றன. ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வெண்ணிற உருண்டைகள். கோழிமுட்டையைப் போல் உடையும் ஓடில்லாமல், தோல் போன்ற உறையுடையவை. ஆகவே ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் உடைவதில்லை. ஒரு தடவைக்கு நூறு முதல் நூற்றிருபது முட்டைகள் வரை இடுவது வழக்கம்.

அவ்வேளையில் ஆமையின் கண்களிலிருந்து நீர் வடிவதைக் கண்டு, அது நோவினால் அழுகிறது என்று சொல்வாருண்டு. உண்மை வேறு. கடல்நீரை உட்கொள்ளும் பிராணிக்கு மிகுதியான உப்பை வெளியேற்ற ஒரு வழி வேண்டும். கண்ணருகிலுள்ள சுரப்பிகள் அவ்வுப்பைக் கெட்டியான நீராக எந்நேரமும் வெளியேற்றுகின்றன. கடலுக்குள் அது அலையோடு கரைந்துவிடுகிறது; கரையில் நம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே.

முட்டையிட்டு முடித்ததும் குழியை மூடி, தன் உடலையே வலமும் இடமும் ஆட்டி மார்போட்டினால் மணலைத் தட்டி இறுக்குகிறது. வளர்ந்த ஆமை ஒன்று நள்ளிரவில் மணல்மேல் இவ்வாறு தாளம் போடும் ஓசை சில அடி தொலைவிலிருந்தும் கேட்கும். பின்னர் அவ்விடத்தைச் சுற்றி மணலை வீசிக் கலைத்துவிட்டுக் கடலை நோக்கித் திரும்புகிறது. தான் இட்ட முட்டைகளை அது மீண்டும் வந்து பார்ப்பதில்லை.

இரவிலேயே ஏன் எடுக்க வேண்டும்?

காலையில் வசதியாக வந்து முட்டைகளைத் தேடி எடுத்தால் ஆகாதா, இத்தனை பேர் ஏன் உறக்கம் கெட வேண்டும் என்று ஒருவர் கேட்கக்கூடும். நாய்கள் முந்திக்கொள்ளும் என்பது ஒரு விடை. அதனினும் ஆழ்ந்த விடை முட்டைக்குள்ளேயே உள்ளது.

தாயின் கருக்குழாயில் இருக்கும்போது முட்டைக்குப் பிராணவாயு போதிய அளவு கிடைப்பதில்லை. ஆகவே கரு ஒரு குறிப்பிட்ட நிலையோடு வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கிறது. முட்டை வெளியே வந்து காற்று பட்ட சில மணி நேரத்தில் வளர்ச்சி மீண்டும் தொடங்குகிறது. தொடங்கியதும் கருவானது முட்டையின் மேற்புறத்துக்கு வந்து, உறையின் உட்பக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் முட்டையைப் புரட்டினால் அம்மெல்லிய ஒட்டுதல் கிழிந்து கரு இறந்துவிடும். இட்டு ஏறத்தாழப் பன்னிரண்டு மணி கடந்தபின் பல வாரங்களுக்கு இவ்வபாயம் நீடிக்கிறது. ஆதலின், இடம் மாற்றுவதானால் இட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே மாற்றிவிட வேண்டும். விடியும் வரை காத்திருந்து, பின்னர் ஆரவாரத்தோடு எடுத்துச் செல்லப்படும் முட்டைகள் பொரியாமற் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. இந்நுட்பத்தை அறியாமல், நல்லெண்ணத்தோடு ஆமை முட்டைகளைத் தோண்டி எடுத்து, பத்திரமான இடம் என்று கருதிய வேறிடத்தில் புதைப்போர் உண்டு. நாய்க்கு இரையாவதும் இவ்வாறு கெடுவதும் முட்டையைப் பொறுத்த மட்டில் ஒன்றுதான்.

ஆமை சென்ற பின் குழியைக் கண்டுபிடிப்பது அனுபவமுடையோர் தொழில். கிளறப்பட்ட பரப்பு ஒரு மீட்டருக்கு மேலும் பரந்திருக்கும்; முட்டைக்குழியின் வாயோ ஒரு சாணுக்கு மிகாது. மெல்லிய கோலை மணலில் மெதுவாகச் செலுத்திப் பார்க்கின்றனர். இறுகிய மணலில் கோல் தடைப்படும். குழியின் வாய்மேல் வைத்தால் திடீரென்று இலகுவாக இறங்கும். அங்கே கோலை நிறுத்திவிட்டுக் கையால் தோண்ட வேண்டும். முட்டைகளை ஒவ்வொன்றாக, இருந்த நிலை மாறாமல் எடுத்துத் துணிப்பையில் அடுக்கி எண்ணுகின்றனர். குழியின் ஆழத்தையும் வாயின் அகலத்தையும் அளந்துகொள்கின்றனர். பொரிப்பகத்தில் அதே அளவில் குழி எடுப்பதற்காக.

பொரிப்பகம் என்பது கடற்கரை மணலிலேயே வேலியிட்ட ஓர் இடம். இதனைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சிலர் புகழ்வர். உண்மையில் இது இரண்டாந்தரமான வழியே. தாய் தேர்ந்த இடத்தில், தாய் தோண்டிய குழியில் முட்டை பொரிவதே சிறந்தது. நாயும் அலையும் விளக்கும் மனிதனும் அச்சிறந்த வழியை அடைத்துவிட்ட கரைகளில் மட்டுமே பொரிப்பகம் நியாயமாகும். மேலும், குழியை இடம் மாற்றும்போது நாம் அறியாமலே வேறொன்றையும் மாற்றிவிடக்கூடும்.

கடலாமையின் பால், மனிதரில் போலக் கருவுறும் கணத்தில் தீர்மானமாவதன்று. மணலின் வெப்பநிலையே அதனைத் தீர்மானிக்கிறது. முட்டை பொரிய 45 முதல் 60 நாட்கள் ஆகின்றன. அக்காலத்தை மூன்று பங்காக்கினால், நடுப்பங்கில் மணல் ஏறத்தாழ 29 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். அதனினும் சூடேறினால் பெண்களே மிகும். குளிர்ந்தால் ஆண்களே மிகும். 35 டிகிரிக்கு மேல் நெடுநாள் நீடித்தால் கருக்கள் அழிந்துவிடும். திறந்த வெளியில் ஒரே இடத்தில் நெருக்கமாகப் புதைத்த குழிகள் இயல்பை மீறிச் சூடாகக்கூடும். ஆதலால் மார்ச் மாதத்துக்குப் பின் பொரிப்பகத்தின்மேல் ஓலையோ வலைத்துணியோ பரப்பி நிழல் தருகின்றனர். உலகின் வெப்பம் உயர்ந்துவரும் இக்காலத்தில், பங்குனியில் இடப்பட்ட முட்டைகளிலிருந்து ஆண் குஞ்சுகள் பிறக்குமா என்பது ஆராய்ச்சியாளரைக் கவலை கொள்ளச் செய்யும் வினா. மாணவர் எவரும் ஒரு வெப்பமானியை 45 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, நிழலிலும் வெயிலிலும் உள்ள மணலின் வெப்பத்தை வாரந்தோறும் குறித்துவந்தால், இவ்வேறுபாட்டைத் தாமே கண்டறியலாம்.

குஞ்சுகளும் விளக்குகளும்

பொரிந்த குஞ்சுகள் உடனே மேலே வருவதில்லை. சில நாட்கள் மணலுக்குள்ளேயே இருந்து, ஒன்றையொன்று மிதித்தும் உந்தியும், மேலுள்ள மணலைக் கீழே சரியவிட்டுக்கொண்டே படிப்படியாக உயர்கின்றன. தனியொரு குஞ்சால் இயலாத வேலை இது. மேல்மணல் சூடாக இருந்தால் அசையாது நின்றுவிடும். இரவில் மணல் குளிர்ந்ததும் ஒரே வேளையில் பால் பொங்குவதுபோல் வெளிவரும். கட்டைவிரல் நீளமே உள்ள நூறு குஞ்சுகள் இருளில் நின்று தேடுவது ஒன்றையே: ஒளி மிகுந்த தாழ்வான அடிவானத்தை. மனிதன் விளக்கேற்றாத கரையில், கடலின் மேலுள்ள வானமே கரைப்பக்கத்தை விட வெளிச்சமானது. கரைப்பக்கம் மரங்களும் மணல்மேடுகளும் இருண்ட சுவராய் நிற்கும். இருளை விட்டு விலகி ஒளியை நோக்கிச் சென்றால் கடல் வந்துவிடும். இவ்விதி பல கோடி ஆண்டுகள் பிழையின்றிப் பயன்பட்டது.

இன்று கரைப்பக்கமே ஒளிமயமாகிவிட்டது. குஞ்சுகள் தெருவிளக்கை நோக்கியும் விடுதிகளின் விளக்கை நோக்கியும் ஊர்ந்து, காலையில் காய்ந்தோ காக்கைக்கு இரையாகியோ போகின்றன. பருவகாலத்தில் கடற்கரை விளக்குகளை நள்ளிரவுக்குப் பின் அணைத்தல், கடலுக்குத் தெரியாமல் மறைத்தல் ஆகியவை செலவில்லாத பரிகாரங்கள். செலவில்லாதது எளிதாக நடந்துவிடும் என்பதில்லை.

பொரிப்பகக் குஞ்சுகளைக் கூடையோடு கொண்டுபோய் நீரில் கொட்டலாகாது; சற்றுத் தொலைவில் மணலில் விட்டு, தாமே ஊர்ந்து போகவிட வேண்டும். பிறந்த கரையின் அடையாளத்தை அவை தம்முள் பதித்துக்கொள்வதாக ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அவ்விடத்தின் பூமிக் காந்தப் புலமும் அவ்வடையாளத்தில் அடங்கும். உள்ளங்கையில் ஏந்திப் புகைப்படம் எடுத்துக்கொள்ள விரும்புவோரும் ஒன்றை நினைக்க வேண்டும். குஞ்சின் வயிற்றில் மீந்துள்ள மஞ்சட்கருவே அதற்கு முதற் சில நாட்களின் உணவு. ஆழ்கடலை எட்டும் வரை ஓயாமல் நீந்துவதற்கு அதுவே விறகு. கரையில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் அவ்விறகு எரிகிறது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து பருவமடையும் என்று மதிப்பிடுகின்றனர்.

ஒடிசாவின் பெருவரவு

இதுகாறும் கூறியது தனித்தனியாக வரும் ஆமைகளைப் பற்றியது. ஒடிசாக் கரையிலோ வேறொரு காட்சி. அங்கே கஹிர்மாதா, தேவி ஆற்று முகத்துவாரம், ருசிகுல்யா ஆகிய இடங்களில், பிப்ரவரி, மார்ச் மாதங்களின் சில நாட்களில், ஆமைகள் இலட்சக்கணக்கில் ஒருங்கே கரையேறுகின்றன. கஹிர்மாதாவைப் பற்றி விஞ்ஞான உலகம் அறிந்தது 1974இல். தேவி முகத்துவாரத்தைப் பற்றி 1981இல். ருசிகுல்யாவைப் பற்றி 1994இல். மீனவர்களுக்கு இவை புதிய செய்திகள் அல்ல. 2025 பிப்ரவரியில் ருசிகுல்யாவில் மட்டும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் முட்டையிட்டன. சில ஆண்டுகளில் கூட்டம் வராமலே போவதும் உண்டு.

அத்தகைய இரவில் அக்கரையில் கால் வைக்க இடமிராது. பின்னால் வந்த ஆமை முன்னால் வந்ததன் முட்டைகளைத் தோண்டி வெளியே எறிந்துவிட்டுத் தன் முட்டையை இடும். இது வீண் அல்லவா எனில், கூட்டமாக வருவதில் ஓர் ஆதாயமும் உண்டு: நரியும் பன்றியும் பறவையும் எவ்வளவு உண்டாலும் உண்டு தீர்க்க முடியாத அளவுக்கு முட்டையும் குஞ்சும் ஒரே காலத்தில் பெருகிவிடுகின்றன. பத்தில் ஒன்று தப்பினாலும் அத்தொகை பெரிது.

ஒடிசாவில் கூடும் ஆமைகள் அங்கேயே நிலைத்திருப்பவை அல்ல. அவற்றுள் பல தெற்கே நம் கரையோரமாகவும் இலங்கைக் கடல் வரையும் செல்வது அறியப்பட்டுள்ளது. இந்திய விலங்கியல் அளவைத் துறையினர் துடுப்பில் இலக்கத் தகடு பொருத்திய ஆமைகளுள் ஒன்று விந்தையான பயணம் செய்துள்ளது. 2021இல் ஒடிசாக் கரையில் தகடு பொருத்தப்பட்ட அவ்வாமை, 2025 சனவரியில் மேற்குக் கரையில், மகாராட்டிரத்தின் குகாகர் என்னுமிடத்தில் கரையேறி முட்டையிட்டது. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் வெவ்வேறு ஆமைக் கூட்டங்கள் என்று எண்ணியிருந்தோர், இந்த ஒரு தகட்டினால் மீண்டும் சிந்திக்க வேண்டியவராயினர். இரவில் நடப்போர் ஆமையின் துடுப்பில் உலோகத் தகட்டைக் கண்டால், அதனைக் கழற்றாமல் அதிலுள்ள எழுத்தையும் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும்.

இறந்த ஆமைகள்

நடையில் உயிருள்ள ஆமையைக் காணாதவர்கூட இறந்த ஆமையைக் காணாதிருப்பது அரிது. 2025 சனவரியில் தமிழ்நாட்டுக் கரையில், சிறப்பாகச் சென்னையை அடுத்த பகுதிகளில், சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஒதுங்கியவை இவ்வளவு எனில், கடலிலேயே அமிழ்ந்தவை எவ்வளவு என்று கூறுவதற்கில்லை.

பெரும்பாலானவை மூச்சுத் திணறி இறந்தவை. கடற்பிராணி நீரில் மூழ்கி இறப்பதாவது என்று ஐயுறலாம். அமைதியாக ஓய்ந்திருக்கும் ஆமை நீருக்கடியில் மணிக்கணக்கில் தங்கவல்லது. ஆனால் இழுவலைக்குள் அகப்பட்டுப் போராடும் ஆமையின் உடலிலுள்ள பிராணவாயு மிக விரைவில் தீர்ந்துவிடும். இழுவைப்படகுகளோ வலையை ஒரே இழுப்பில் மணிக்கணக்கில் இழுத்துச் செல்கின்றன. முட்டையிட வரும் ஆமைகள் கரைக்கு அண்மையில் கூடும் காலமும், அதே நீரில் இறாலுக்காகப் படகுகள் கூடும் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. வலையின் கழுத்துப் பகுதியில் சாய்வான கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால், இறாலும் சிறு மீனும் கம்பிகளினூடே பின்சென்று தங்கும். ஆமை சட்டத்தில் முட்டி, மேலேயோ கீழேயோ உள்ள திறப்பின் வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் நம் நாட்டுப் படகுகளுக்கு ஏற்ற இத்தகைய கருவியை உருவாக்கியுள்ளது. மீனில் ஒரு பகுதி திறப்பின் வழியே போய்விடுகிறது என்பது படகுக்காரர்களின் முறையீடு. அதனை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியாது. அவ்விழப்பைக் குறைப்பதையே அந்நிலையத்தார் நோக்கமாகக் கொண்டு கருவியை அமைத்தனர். தமிழ்நாட்டில் இழுவைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் தொழில் செய்யலாகாது என்னும் விதியும் உள்ளது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் ஒன்றுண்டு. அது ஏப்ரல் 15ஆம் நாள் தொடங்குகிறது. மீனினத்தின் பெருக்கத்தைக் கருதி வகுக்கப்பட்ட அக்காலம் தொடங்கும்போது, பங்குனி ஆமை முட்டையிட்டு முடித்துத் திரும்பிக்கொண்டிருக்கும். ஒடிசாவில் இதனை உணர்ந்து, மூன்று முட்டையிடு களங்களுக்கு எதிரே, நவம்பர் முதல் மே வரை கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை மீன்பிடித்தலைத் தனியே தடை செய்துள்ளனர்.

இரவு நடையில் இறந்த ஆமை தென்பட்டால், அதனையும் அளந்து எழுதிக்கொள்வர்: முதுகோட்டின் நீளம், ஆணா பெண்ணா, காயம் உண்டா, எவ்விடம், எந்நாள். ஆணுக்கு வால் நீண்டு ஓட்டுக்கு வெளியே தெரியும், பெண்ணுக்குக் குட்டையானது. பெண்ணாயின் வயிற்றில் முட்டைகள் இருந்தனவா என்பதையும், உடல் அழுகித் திறந்திருந்தால், குறிப்பதுண்டு. எழுதி முடித்தபின் ஓட்டின்மேல் வண்ணப்பூச்சால் ஓர் அடையாளம் இட்டுவிடுகின்றனர். அடுத்த இரவு அவ்வழியே நடந்து வருவோர் அதே ஆமையை மறுமுறையும் எண்ணிவிடலாகாது என்பதற்காக.